குடியை நிறுத்த விரும்புவோர் கூடும் குழு: சென்னையில் எங்கே, எப்படிப் போவது?

வாசகர் கேள்வி, 3.10.2024

எங்கள் வீட்டில் ஒருவருக்காகக் கேட்கிறேன். வயது 46. பத்தாண்டுகளாகத் தினமும் குடி. நேற்று காந்தி ஜெயந்தி என்பதால் கடை கிடையாது. ஆனால் முந்தின நாளே வாங்கிய இரண்டு குவார்ட்டர் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்தன. இதற்கென்றே குழுக்கள் கூடுவதாகச் சொல்கிறார்கள். வடசென்னைப் பக்கம் உண்டா? கட்டணம் எவ்வளவு? பெயர், முகவரி கேட்பார்களா? பெயர் வெளியே தெரியுமா? பெரும்பாலும் சர்ச்சில்தான் நடக்கும் என்றும் கேள்விப்பட்டேன். மதம் மாறச் சொல்வார்களா?

3.10.2024, இரவு

"வீட்டில் ஒருவருக்காக" என்று நானும் கேட்டிருக்கிறேன், ஐயா. 2017இல் பெரம்பூரில் ஒரு மருந்துக்கடைக்காரரிடம் என் தம்பிக்காகக் கேட்பதாகச் சொன்னேன். எனக்குத் தம்பி கிடையாது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சில்லறையை எண்ண முடியாமல் தவித்த என் விரல்களைப் பார்த்துவிட்டு, ஒரு தாளில் ஒரு தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்து, "தம்பியையே பேசச் சொல்லுங்கள்" என்றார். ஆகவே நானும் அந்த ஒருவரிடம் நேராகவே பேசிவிடுகிறேன்.

நீங்கள் கேள்விப்பட்டது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியால் அழிந்துகொண்டிருந்த ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் ஒருவரோடு ஒருவர் பேசிப் பேசியே குடியாமல் இருக்கக் கற்றதில் தொடங்கியது. இந்தியாவுக்கு 1957இல் டெல்லி வழியாக வந்தது. சென்னையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித்தனிக் கூட்டங்கள் நடக்கின்றன. வடசென்னையிலும் உண்டு. கட்டணம் இல்லை. முடிவில் ஒரு தட்டோ பையோ சுற்றி வரும். பத்து ரூபாய் போடலாம், போடாமலும் இருக்கலாம். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது அவர்கள் விதி. பதிவேடு கிடையாது. பெயரை மட்டும் சொன்னால் போதும், அதுவும் உங்கள் உண்மைப் பெயர்தானா என்று எவரும் விசாரிப்பதில்லை. சேர்வதற்கு ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். போகுமுன் அவர்களுடைய உதவி எண்ணில் இடம், நேரம், மொழி மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். இரவல் அறைகளில் நடப்பதால் இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

வெட்கம் பற்றி ஒன்று. கடை வாசலில் முன்பின் தெரியாத ஒருவரோடு பாதிக் காசு போட்டு, ஒரு குவார்ட்டரை ஆளுக்கொரு கட்டிங்காகப் பங்கிட்டுக் குடித்துவிட்டு, பெயர்கூடக் கேட்காமல் பிரிந்தவன் நான். அப்படிப்பட்டவன், குடியை நிறுத்துவதற்காக முன்பின் தெரியாதவர்களோடு ஓர் அறையில் உட்கார நான்கு மாதம் கூச்சப்பட்டேன்.

ஏழு ஆண்டுகளாகப் போய்வருகிறேன். இன்றிரவே அந்த இரண்டு குவார்ட்டரையும் கவிழ்த்துவிட்டு நாளை மாலை வந்துவிடுங்கள்.

4.10.2024, காலை

மேலே எழுதிய கடைசி வாக்கியத்தைத் திருத்துகிறேன். பிழை திருத்துவது என் தொழில். முப்பது ஆண்டுகளாக அச்சகங்களில் அதைத்தான் செய்கிறேன். ஆனால் இது அச்சுப்பிழையைப் போன்றதன்று, ஆளைக் கொல்லக்கூடிய பிழை.

பத்தாண்டுகள் தினமும் குடித்த ஒருவர் ஒரே இரவில் நிறுத்தக் கூடாது. உடம்பு மதுவுக்குப் பழகிப் போயிருக்கும். நிறுத்தி ஆறு மணி நேரம் கடந்தால் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத பூச்சிகள் சுவரில் ஊர்வது தெரியும், தான் இருக்கும் இடமே விளங்காது. கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். 2020 மார்ச்சில் ஊரடங்குக்காகக் கடைகளை மூடியபோது, எங்கள் தெருவில் இருந்த மர ஆசாரி இரண்டாம் நாள் வலிப்பு வந்து வாசற்படியிலேயே விழுந்தார். கொரோனா என்று பயந்து எவரும் அருகில் போகவில்லை. எனக்கு மட்டும் அது என்னவென்று தெரிந்தது. இதைக் கண்ணால் கண்டவனே நேற்றிரவு அப்படி எழுதியிருக்கிறேன் என்பதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

முதலில் மருத்துவர். சில நாள்களுக்கு அளவைக் குறைத்துக்கொண்டே வரும் மாத்திரை கொடுப்பார்கள். பி1 உயிர்ச்சத்தான தயமினை ஊசியாகப் போடுவார்கள், ஏனெனில் நெடுநாள் குடித்தவர்களுக்கு அது தீர்ந்துபோய் மூளையைப் பாதிக்கும். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்குப் போகலாம், அல்லது அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது, சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய அறக்கட்டளை நடத்துவது, இதற்கென்றே உள்ளது. எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். குழு மருத்துவமனை ஆகாது. நடுக்கம் நின்ற பிறகு மறுபடி குடிக்காமல் இருப்பதற்குத்தான் குழு.

6.10.2024

"ஐயா" என்று எழுதியதற்கு மன்னிக்க வேண்டும், அம்மா. "வீட்டில் ஒருவர்" உண்மையாகவே வீட்டில் ஒருவர்தான் என்றும், நீங்கள் அவருடைய மனைவி என்றும் தெரியாமல் போயிற்று. எனக்குத் தம்பி இல்லாதது போலவே ஊரில் எல்லாருக்கும் தம்பி இருக்காது என்று நினைத்துவிட்டேன்.

அப்படியென்றால் உங்களுக்கும் ஒரு குழு இருக்கிறது. அல்-அனான் என்று பெயர். குடிப்பவர்களுடைய மனைவி, பெற்றோர், பிள்ளைகளுக்கானது, 1951இல் தொடங்கியது. ஏ.ஏ.விலிருந்து தனித்து இயங்குவது. என் மனைவி அதற்கு 2016இலேயே போகத் தொடங்கிவிட்டாள், எனக்கு ஓராண்டு முன்னால். அங்கே அவளுக்கு முதலில் சொன்னது, இந்தக் குடிக்கு நீ காரணமல்ல, உன்னால் அதைக் கட்டுப்படுத்தவும் முடியாது, குணப்படுத்தவும் முடியாது என்பது. அதைக் கேட்டுவிட்டு வந்தவள் என்னைத் திருத்த முயலவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் நிறுத்தினாள்: திங்கட்கிழமை காலைகளில் அச்சக முதலாளிக்குத் தொலைபேசி செய்து "அவருக்குக் காய்ச்சல்" என்று சொல்வதை. "நீங்களே பேசுங்கள்" என்று கைப்பேசியை என் தலையணை மேல் வைத்துவிட்டுப் போய்விடுவாள். நாக்குழற நானே பொய் சொல்ல வேண்டியிருந்த மூன்றாவது திங்கட்கிழமைதான் நான் அந்த மருந்துக்கடைக்குப் போனேன்.

அவர் வராவிட்டாலும் நீங்கள் போகலாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

12.10.2024

மதம் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டிருக்கிறேன். நழுவவில்லை, நீளமாக எழுத வேண்டியிருந்தது.

சர்ச் வளாகத்தில் நடப்பது உண்மை. காரணம் எளியது: மாலையில் பூட்டிக் கிடக்கும் வகுப்பறையைச் சிறு வாடகைக்குக் கொடுப்பவர்கள் அவர்கள்தான். கல்யாண மண்டபம் வாடகைக்கு எடுக்கப் பத்து ரூபாய்த் தட்டு போதாது. வேறு இடங்களிலும் நடக்கின்றன. மதம் மாறச் சொன்னவர் ஒருவரையும் நான் இதுவரை கண்டதில்லை.

ஆனால் கடவுள் பேச்சே இல்லை என்று சொன்னால் அது பொய். தொடங்கியவர்கள் அமெரிக்கக் கிறித்தவர்கள், குடியிலிருந்து மீள அவர்கள் வகுத்த பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார். "நாங்கள் உணர்ந்தவாறான" என்ற அடைமொழியோடு வருகிறார். கூட்டத்தின் முடிவில், மாற்ற முடியாததை ஏற்கும் அமைதியையும் மாற்றக்கூடியதை மாற்றும் துணிவையும் இரண்டையும் பிரித்தறியும் அறிவையும் கேட்கும் ஒரு சிறு பிரார்த்தனை சொல்வார்கள். எங்கள் குழுவில் ஒரு கறுப்புச் சட்டைக்காரர் இருக்கிறார். பிரார்த்தனைக்கு எழுந்து நிற்பார், வாயைத் திறக்க மாட்டார். தன்னை விட மேலான சக்தி என்று அவர் எதைக் கொள்கிறார் என ஒருமுறை கேட்டேன். "இந்த அறையில் இருக்கிற பதினோரு பேர். அடுத்த வெள்ளிக்கிழமை உங்கள் முகத்தில் விழிக்க வேண்டுமே என்ற பயம்தான் எனக்குச் சாமி" என்றார். குடியாமல் பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன அவருக்கு.

எனக்குத் தடையாக இருந்தது முதல் படிதான், கடவுளைப் பற்றி எனக்குத் தகராறு இல்லை. மதுவின் முன் நாங்கள் ஆற்றலற்றவர்கள் என்று ஒப்புக்கொள்ளச் சொல்கிறது அது. ஆற்றலற்றவனாம்! அந்த வார்த்தையைப் பிழையென்று அடித்துவிட்டு வேறு வார்த்தை போட ஆறு மாதம் முயன்றேன், அகப்படவில்லை.

16.10.2024

நேற்றும் இன்றும் மழை. வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தின் மேல் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். எங்கள் கூட்டத்துக்கு நான்கு பேர். வழக்கத்தைவிட நன்றாகவே நடந்தது என்று நினைக்கிறேன், அல்லது மழைநாளில் வந்துவிட்ட பெருமையில் அப்படித் தோன்றியிருக்கலாம்.

27.10.2024

உள்ளே என்னதான் நடக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். "அவரிடம் சொல்ல வேண்டும்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். என் முதல் நாளைச் சொல்கிறேன்.

தொடக்கப்பள்ளி வகுப்பறை. சுவரில் ஏழாம் வாய்பாடு. குழந்தைகளுக்கான பெஞ்சு என்பதால் எல்லாருடைய முழங்காலும் நெஞ்சைத் தொட்டுக்கொண்டிருந்தது. வழுக்கைத் தலையர்கள் சிலர் அப்படி ஒடுங்கி உட்கார்ந்திருந்ததைக் கண்டு சிரிப்பு வந்தது, சிரித்தால் தப்பாக நினைப்பார்களோ என்று அடக்கிக்கொண்டேன். ஒருவர் கூட்டத்தை நடத்தினார். அவர் தலைவர் அல்லர், அந்த வாரம் அவர் முறை. ஒவ்வொருவராகத் தம் பெயரையும் தாம் குடிநோயாளி என்பதையும் சொல்லி, ஐந்தாறு நிமிடம் பேசினார்கள். இடையில் எவரும் குறுக்கிடவில்லை, அறிவுரை சொல்லவில்லை, பேசி முடித்ததும் "நன்றி" என்பதோடு சரி. தமிழ்நாட்டில் ஓர் ஆள் பேசுவதை ஒன்பது ஆண்கள் குறுக்கே பேசாமல் கேட்டதை நான் அதற்குமுன் இழவு வீட்டில்கூடப் பார்த்ததில்லை.

ஓர் ஆட்டோ ஓட்டுநர், மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துக் குடித்ததைச் சொன்னார். அழவில்லை, எந்த நோட்டை முதலில் எடுத்தார், எதை மிச்சம் வைத்தார் என்று கணக்குப்பிள்ளை போலச் சொன்னார். என் கதையை எவரோ இவரிடம் சொல்லிவிட்டார்கள் என்று எனக்குக் கோபமே வந்தது.

தேநீர் வந்தது. எல்லாருக்கும் டம்ளர் நிறைய ஊற்றியவர், எனக்கு மட்டும் பாதிதான் ஊற்றினார். புதியவன் என்று அலட்சியமாக்கும் என நினைத்தேன். டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகும்போதுதான் புரிந்தது: நிறைய இருந்திருந்தால் பாதி என் சட்டையில்தான் இருந்திருக்கும். குடித்து முடித்ததும் மீதிப் பாதியை ஊற்றிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அடுத்தவரிடம் போனார்.

நான் அன்று பேசவில்லை. பேசாமலும் இருக்கலாம். குடிக்காதவர்களும் வந்து கேட்கக்கூடிய திறந்த கூட்டங்களும் உண்டு. அவர் தனியாக வரத் தயங்கினால் அப்படி ஒன்றுக்கு நீங்களும் உடன் போகலாம்.

ஒன்று மட்டும். முதல் கூட்டம் பிடிக்காவிட்டால் ஏ.ஏ. பிடிக்கவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு மாதிரி. நான் இரண்டாவதாகப் போன இடத்தில் ஒருவர் நாற்பது நிமிடம் தம் பெருமையையே பேசினார். அது முதலாவதாக அமைந்திருந்தால் நான் திரும்பியிருக்க மாட்டேன்.

3.11.2024

தீபாவளி முடிந்தது. முதல் குறிப்பில் "ஏழு ஆண்டுகளாகப் போய்வருகிறேன்" என்று எழுதியது மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. அது பொய்யில்லை, ஆனால் படிப்பவர்கள் ஏழு ஆண்டுகளாகக் குடிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளட்டும் என்றே எழுதினேன்.

என் கணக்கு 2019 ஆகஸ்டிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்குமுன் இரண்டு ஆண்டுகள் குடிக்காமல் இருந்தவன், அரக்கோணத்தில் ஓர் உறவினர் திருமணத்தில், மாப்பிள்ளை அழைப்பு முடிந்த இரவு, "இரண்டு வருடம் ஆயிற்றே, இனி ஒன்றும் செய்யாது" என்று ஒரு கட்டிங் எடுத்தேன். பதினாறு நாள் ஓயவில்லை. பதினேழாம் நாள் வகுப்பறைக்குத் திரும்பி வந்து, மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினேன். எவரும் "ஏன்" என்று கேட்கவில்லை. எனக்கு ஸ்பான்சராக இருப்பவர், அதாவது படிகளில் வழிகாட்டும் மூத்தவர், கேட்டது ஒன்றுதான்: "அந்த இரவு யாருக்காவது போன் செய்தாயா?" செய்யவில்லை. என் பையில் பதினோரு பேருடைய எண்கள் இருந்தன.

ஆகவே ஐந்து ஆண்டு, சில மாதம்.

18.11.2024

கார்த்திகை பிறந்துவிட்டது. "அவர் ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கிறார், ஒரு மண்டலம் தொட மாட்டார், அப்படியே விட்டுவிடுவாரா" என்று கேட்கிறீர்கள். நான் ஐந்து முறை மாலை போட்டவன். நாற்பத்தெட்டு நாளும் ஒரு சொட்டு தொட்டதில்லை. மலையிலிருந்து இறங்கி, குருசாமி மாலையைக் கழற்றிய அன்றிரவே தொட்டிருக்கிறேன், ஐந்து முறையும். விரதம் எனக்குக் கெடுதல் செய்யவில்லை. "நினைத்தால் நிறுத்திவிடுவேன்" என்று ஊருக்குச் சொல்ல ஆதாரம் கொடுத்தது, அவ்வளவுதான். அந்த நாளில் நடுக்கம் வராமல் நிறுத்த முடிந்தது என் குடி அப்போது இளசாக இருந்ததால். ஆறாம் முறை போட முயன்றபோது மூன்றாம் நாள் படுக்கையில் கிடந்தேன். உங்கள் வீட்டில் அவருக்கு இப்போது நடுக்கமோ வியர்வையோ இருந்தால் மாலையோடேயே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

இன்னொன்று, பேருந்து நிறுத்தச் சுவர்களில் ஒட்டியிருக்கும் "குடிப்பவருக்குத் தெரியாமலே கொடுக்கலாம்" மருந்து. தயவு செய்து வேண்டாம். என்ன கலந்திருக்கிறது என்று எவருக்கும் தெரியாத பொடிகள் அவை. டைசல்ஃபிராம் மாத்திரையைப் பொடித்துச் சாம்பாரில் கலப்பவர்களும் உண்டு. மது ஈரலில் முதலில் அசிட்டால்டிஹைடாக மாறும், பிறகு அது உடைந்து போகும். இந்த மாத்திரை இரண்டாவது வேலையைத் தடுத்துவிடுகிறது. நஞ்சு உடம்பில் தேங்கும். முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், இரத்த அழுத்தம் சரியும், இதயம் பலவீனமாக இருந்தால் நின்றும் போகலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரை இந்த விளைவு இருக்கும். ஆள் அறிந்து, ஒப்புக்கொண்டு, மருத்துவர் கண்காணிப்பில் சாப்பிட்டால் அது நல்ல மருந்து. எங்கள் குழுவிலேயே சாப்பிட்டவர்கள் இருக்கிறார்கள்.

என் தாயார் எனக்குச் சாம்பாரில் கலந்தார். பாரிலேயே சரிந்தேன். கண் விழித்ததும் எனக்கு முதலில் தோன்றியது குடியை விட வேண்டும் என்பதன்று, வீட்டில் இனிச் சாப்பிடக் கூடாது என்பது. ஓராண்டு வெளியில்தான் சாப்பிட்டேன். அவர் போகும் வரை அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

1.12.2024

நேற்றுப் புயல். அறை பூட்டு. கைப்பேசியில் காணொளி வழியாகக் கூடினோம். ஊரடங்கு நாள்களில் பழகியது. மின்சாரம் போய் ஒவ்வொருவராக இருட்டில் மறைந்தார்கள், குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

15.12.2024

உங்கள் கொழுந்தனார் சொல்லும் "வீட்டுக்கே வந்து தூக்கிக்கொண்டு போகும்" மையம் பற்றி. என் சித்தப்பா மகனை அப்படி ஒரு மையம் ஆட்டோவில் ஏற்றிப் போய், தொண்ணூறு நாள் வைத்திருந்தது. மருத்துவர் வாரம் ஒருமுறை எட்டிப்பார்த்தாராம். அடி உண்டு. வெளியே வந்த அன்றே குடித்தான், அது அவன் எங்களுக்குக் கொடுத்த தண்டனை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் குடிப்பழக்கத்தால் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் தனக்குள் கொண்டுவருகிறது. இத்தகைய மையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள், மருத்துவர் தினமும் வருகிறாரா என்று கேளுங்கள், உள்ளே இருப்பவரைச் சந்திக்க விடுவார்களா என்று கேளுங்கள். மூன்றில் ஒன்றுக்கு மழுப்பினாலும் படியிறங்கி வந்துவிடுங்கள்.

"வெறுமனே உட்கார்ந்து பேசினால் எப்படிக் குணமாகும்" என்றும் கொழுந்தனார் கேட்டாராம். நியாயமான கேள்வி. 2020இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை, 10,565 பேரை உள்ளடக்கியவற்றை, ஒன்றாக அலசிப் பார்த்தது. ஏ.ஏ.வில் சேர்த்துவிடும் முறையான சிகிச்சை பெற்றவர்கள், பிற உளவியல் சிகிச்சை பெற்றவர்களைவிடத் தொடர்ந்து குடியாமல் இருப்பதில் முன்னே நின்றார்கள். மற்ற அளவுகோல்களில் ஏறக்குறைய சமம். எல்லாருக்கும் பலிக்கும் என்று அது சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. என்னோடு அதே மாதத்தில் சேர்ந்த ஐவரில் இன்று வகுப்பறைக்கு வருபவர்கள் இருவர். ஒருவர் குழுவே இல்லாமல் நன்றாக இருக்கிறார். மற்ற இருவரைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

1.1.2025

நேற்றிரவு பன்னிரண்டு மணிக்கு எங்கள் தெருவில் பட்டாசு. ஸ்பான்சரிடமிருந்து ஓர் அழைப்பு. "தூங்கிவிட்டாயா?" "இல்லை." "சரி, தூங்கு." அவ்வளவுதான்.

15.1.2025

இன்று திருவள்ளுவர் தினம், கடை இல்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இம்முறை நீங்கள் போய்ப் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அல்-அனானில் நான்கு வாரம் ஆனவர்கள் எழுதுவது போலவே இருக்கிறது.

சென்ற வெள்ளிக்கிழமை அவர் எங்கள் கூட்டத்துக்கு வந்தாரா என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்ல மாட்டேன், அம்மா. வந்திருந்தாலும் சொல்ல மாட்டேன், வராவிட்டாலும் சொல்ல மாட்டேன். அங்கே யாரைப் பார்த்தோம், என்ன கேட்டோம் என்பது அறையை விட்டு வெளியே வரக் கூடாது. மனைவிக்கும் விதிவிலக்கு இல்லை. முதலில் நீங்கள் கேட்ட "பெயர் வெளியே தெரியுமா" என்ற கேள்விக்கான பதிலும் இதுதான், அப்போது அதை உங்களுக்குச் சாதகமானது என்று நினைத்திருப்பீர்கள்.

எல்லாருக்குமாக ஒரு தகவல்: பொங்கல் விடுமுறையில் வகுப்பறைக்கு வெள்ளையடிப்பதால், இந்த வெள்ளியும் அடுத்த வெள்ளியும் அதே வளாகத்தில் பின்கட்டிடத்தின் இரண்டாம் மாடி. மாலை ஆறரை மணி. காவலாளியிடம் ஏ.ஏ. என்று சொல்ல வேண்டிய அவசியமில்லை. "டீ எந்த மாடியில்" என்று கேட்டால் கையைக் காட்டுவார்.